விசுவாசம் என்னும் சொல்

தியாகதுருகத்தில் வளர்ந்த எவருக்கும் மலை என்றால் முதலில் நினைவுக்கு வருவது ஊரையொட்டி நிற்கும் கோட்டை மலைதான். பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் மைசூர்ப் படையினரும் மாறி மாறி மோதிக்கொண்ட மலை அது. எனக்கு ஏழெட்டு வயதிருக்கும்போது ஞாயிறு பள்ளியில் எங்கள் உபதேசியார், கடுகளவு விசுவாசம் இருந்தால் மலையும் இடம்பெயரும் என்று இயேசு சொன்னதை விளக்கினார். வீட்டுக்கு வந்ததும் அஞ்சறைப் பெட்டியிலிருந்து ஒரு கடுகை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, வாசலில் நின்று மலையைப் பார்த்தேன். அது நகரவில்லை. எனக்கு விசுவாசம் கடுகளவு கூட இல்லை என்று முடிவு செய்துகொண்டேன். அதை யாரிடமும் சொல்லவும் இல்லை.

சிறுவனுக்கு அது விளையாட்டாகவே கடந்து போயிற்று. என் சின்னம்மாவுக்கு அப்படி நேரவில்லை.

அவருக்குப் பத்தாண்டுகளுக்கும் மேலாகச் சர்க்கரை நோய். மாதந்தோறும் அரசு மருத்துவமனையில் வரிசையில் நின்று மாத்திரை வாங்குவார். பின்னர் இன்சுலின் ஊசியும் சேர்ந்துகொண்டது. ஓராண்டு ஒரு சுகமளிக்கும் கூட்டத்துக்குப் பக்கத்து வீட்டார் அவரை அழைத்துச் சென்றனர். அங்கே வந்திருந்த ஊழியர் ஒருவர் தலையில் கைவைத்து ஜெபித்துவிட்டு, "சுகமாயிட்டீங்கம்மா. இனிமே ஊசியத் தொட்டா ஆண்டவரைச் சந்தேகப்படுறதா அர்த்தம்" என்றாராம். சின்னம்மா ஊசியை நிறுத்தினார். காலில் ஒரு சிறு புண் வந்தது. புதுச்சேரி ஜிப்மருக்குக் கொண்டுபோனபோது காலைக் காப்பாற்றும் நிலை தாண்டியிருந்தது. சில வாரங்களில் உயிரும் போயிற்று. துக்கத்துக்கு வந்தவர்களில் ஒருவர் என் காதுபடவே சொன்னார்: "விசுவாசத்துல எங்கியோ ஓட்டை இருந்திருக்கு."

இறப்பதற்கு இரண்டு நாள் முன்பு, நான் தனியாக அருகில் இருந்தபோது சின்னம்மா கேட்டார்: "ஏம்ப்பா, எனக்கு விசுவாசம் பத்தலியா?" அப்படியெல்லாம் இல்லை சின்னம்மா என்றேன். அது ஆறுதல், விடையன்று. விடை சொல்லுமளவுக்கு அந்தச் சொல்லை நான் அப்போது அறிந்திருக்கவில்லை.

கிறிஸ்தவத்தில் விசுவாசம் என்பது அணிகலன் அன்று, அடித்தளம். ஒருவர் கிறிஸ்தவர் என்பதற்குப் பிறப்போ சடங்கோ நற்செயல்களின் எண்ணிக்கையோ முதற்காரணம் ஆவதில்லை. விசுவாசமே காரணம் என்கிறது புதிய ஏற்பாடு. ஆகவேதான் கிறிஸ்தவர்களைக் குறிக்க 'விசுவாசிகள்' என்ற பெயரே வழங்குகிறது. ஆனால் இவ்வளவு கனமான சொல்லுக்கு என்ன பொருள் என்பதில் தமிழ்க் கிறிஸ்தவர்களே ஒரே மொழியில் பேசுவதில்லை என்பது வெளியில் இருப்போர் பலருக்குத் தெரியாது.

பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தின் 13-ஆம் அதிகாரம் நிலைத்து நிற்பவை மூன்று என்கிறது. சீர்திருத்தத் திருச்சபையார் படிக்கும் பழைய மொழிபெயர்ப்பில் அவை விசுவாசம், நம்பிக்கை, அன்பு. கத்தோலிக்கர் பயன்படுத்தும், 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பில் அவை நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு. முன்னதில் இரண்டாம் இடத்தில் இருந்த நம்பிக்கை பின்னதில் முதலிடத்துக்கு ஏறிவிட்டது. அதன் பழைய இடத்தில் எதிர்நோக்கு வந்து அமர்ந்தது. 2025-ஆம் ஆண்டைக் கத்தோலிக்கத் திருச்சபை யூபிலி ஆண்டாகக் கொண்டாடியபோது அதன் மையக் கருத்து தமிழில் எதிர்நோக்கு என்றே வழங்கப்பட்டது. இரு சபையாரும் கலந்த எங்கள் குடும்பத் திருமணங்களில் இந்தப் பகுதி வாசிக்கப்படும்போதெல்லாம் ஒரு பக்கத்தார் மறுபக்கத்தாரைப் பார்த்துப் புன்னகைப்பதைக் கண்டிருக்கிறேன்.

எது சரி? இரண்டிலும் ஒரு செல்வம் இருக்கிறது. விசுவாசம் வடசொல். மூச்சுவிடுதலைக் குறிக்கும் 'சுவாசம்' அதற்குள் இருக்கிறது. அச்சம் நீங்கி இயல்பாக மூச்சு விடுவதே அச்சொல்லின் அடிப்பொருள். யார் அருகில் இருக்கையில் நமக்கு மூச்சு சீராகிறதோ அவரிடம் நமக்கு விசுவாசம். நம்பிக்கையின் வேரோ தமிழிலேயே இருக்கிறது. நம்பு என்னும் உரிச்சொல்லுக்கு நசை, அதாவது விருப்பம் என்று தொல்காப்பிய உரியியல் பொருள் கூறுகிறது. ஒன்றை உண்மையென்று மூளையால் ஏற்பதற்கு முன்பே ஒருவரை விரும்பி அவர்பால் சாய்வதைத்தான் நம் பழைய சொல் குறித்தது.

ஆனால் நாளடைவில் விசுவாசம் என்ற சொல்லுக்கு வேறொரு வாடையும் ஏறிவிட்டது. நாய் விசுவாசமுள்ளது என்கிறோம். பண்ணையில் தலைமுறைகளாக உழைத்தவரை முதலாளிக்கு விசுவாசமானவர் என்று பாராட்டினோம். அந்தப் பாராட்டின் விலை என்ன என்பது எங்கள் பகுதிச் சேரிகளில் பிறந்தவர்களுக்குத் தெரியும். எசமானுக்குக் காட்டவேண்டியது, குறைந்தால் தண்டனை, கூடினால் கூலி என்ற இந்தப் பொருள் மெல்ல மெல்ல ஆலயத்துக்குள்ளும் நுழைந்துவிட்டது என்பது என் எண்ணம். சின்னம்மாவின் கேள்வியில் 'பத்தலியா' என்ற சொல் அப்படி வந்ததுதான். படி வைத்து அளக்கும் நெல்லைப்போல அவர் தம் விசுவாசத்தை அளந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

விவிலியத்தின் மூலமொழிக்குப் போனால் இந்த அளவைக்கு அங்கே இடமிருப்பதாகத் தெரியவில்லை. விசுவாசத்தைக் குறிக்கும் எபிரேயச் சொற்கள் 'ஆமான்' என்ற வேரிலிருந்து பிறப்பவை. உறுதியாயிருத்தல், தாங்குதல் என்பது அதன் பொருள். ஜெபத்தின் முடிவில் உலகெங்கும் சொல்லப்படும் 'ஆமென்' அதே வேரிலிருந்து வந்தது. அரசர்கள் வரலாற்றில் ஆலய நிலைத்தூண்களைக் குறிக்க இந்த வேரின் ஒரு வடிவம் வருகிறது. ரூத்தின் கதை முடிவில் பேரக்குழந்தையை மடியில் வைத்து வளர்க்கும் நகோமியைக் குறிக்க வரும் சொல்லும் இதே குடும்பம்தான். வளர்ப்புத்தாயின் இடுப்பில் இருக்கும் குழந்தையிடம் போய், நீ எவ்வளவு இறுகப் பிடித்திருக்கிறாய் என்று யாரும் கேட்பதில்லை. பிடித்திருப்பது தாய்.

யாத்திராகமம் 17-ஆம் அதிகாரத்தில் ஒரு காட்சி உண்டு. அமலேக்கியரோடு போர் நடக்கிறது. மலையுச்சியில் மோசே கைகளை உயர்த்தியிருக்கும்வரை இஸ்ரவேலர் வெல்கிறார்கள். கை தளர்ந்தால் தோற்கிறார்கள். முதியவரின் கைகள் சோர்ந்துபோகவே, ஒரு கல்லைக் கொண்டுவந்து அவரை உட்காரவைத்து, ஆரோனும் ஊரும் இருபுறமும் நின்று அந்தக் கைகளைத் தாங்குகிறார்கள். சூரியன் மறையும்வரை கைகள் உறுதியாய் இருந்தன என்கிறது நூல். அந்த உறுதியைக் குறிக்க அங்கே வரும் எபிரேயச் சொல் 'எமுனா'. பிற்காலத்தில் ஆபகூக் தீர்க்கதரிசி நீதிமானின் வாழ்வுக்கு ஆதாரமாகச் சொல்வதும் அதே எமுனாதான். பவுல் ரோமருக்கு எழுதும்போது எடுத்தாள்வதும் ஆபகூக்கின் அந்த வாக்கியத்தையே. மோசேயின் கைகளில் இருந்த எமுனா மோசேயின் சொந்த வலிமை அன்று. இருவர் தாங்கியதால் வந்தது.

தமிழ் இலக்கணமே இதற்கு நல்லதொரு விளக்கம் தரும். 'மழை வரும் என்று நம்புகிறேன்' என்பது ஒரு வகை. 'அவரை நம்புகிறேன்' என்பது இன்னொரு வகை. முன்னதில் ஒரு செய்தி இருக்கிறது. அது நடந்தால் நம்பிக்கை சரி, நடக்காவிட்டால் தவறு. பின்னதில் இருப்பவர் ஓர் ஆள். 'ஐ' உருபு ஏற்ற அந்த நம்பிக்கை ஒரு நாளின் விளைவோடு முடிந்துபோவதில்லை. கிறிஸ்தவர்கள் ஞாயிறுதோறும் அறிக்கையிடும் விசுவாசப் பிரமாணத்தில் பிதாவை, குமாரனை, ஆவியை விசுவாசிக்கிறேன் என்றே வருகிறது. என் நோய் இந்த வாரம் தீரும் என்று விசுவாசிக்கிறேன் என்ற வாக்கியம் அதில் எங்கும் இல்லை. சின்னம்மாவிடம் அந்த ஊழியர் கேட்டது 'என்று' வகை நம்பிக்கை. அதற்கு அவர் சூட்டிய பெயரோ 'ஐ' வகையினுடையது.

இனி அந்த மலைக்கு வருவோம். கடுகளவு விசுவாசம் பற்றிய வாக்கு மத்தேயு 17-ஆம் அதிகாரத்தில் யாரிடம், எப்போது சொல்லப்பட்டது என்பதை எங்கள் உபதேசியார் சொல்லவில்லை. வலிப்பு நோயால் வருந்தும் மகனை ஒரு தகப்பன் சீடர்களிடம் கொண்டுவருகிறான். அவர்களால் குணமாக்க முடியவில்லை. இயேசு வந்து குணமாக்குகிறார். பிறகு சீடர்கள் தனியே வந்து, எங்களால் ஏன் முடியவில்லை என்று கேட்கிறார்கள். அப்போதுதான் அந்தக் கடுகு வருகிறது. குறை சொல்லப்பட்டவர்கள் ஜெபித்துத் தோற்ற ஊழியர்கள்; நோயுற்ற பிள்ளை அல்ல, அவனைச் சுமந்து வந்த தகப்பனும் அல்ல. இன்று மேடைகளில் இந்த வசனம் நேர் எதிர்த்திசையில் வீசப்படுகிறது.

இதே நிகழ்ச்சியை மாற்கு தம் 9-ஆம் அதிகாரத்தில் இன்னும் விரிவாகச் சொல்கிறார். விசுவாசிக்கிறவனுக்கு எல்லாம் கூடும் என்ற பொருளில் இயேசு அந்தத் தகப்பனிடமே பேசுகிறார் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. தகப்பன் என்ன செய்தான்? தனக்கு விசுவாசம் உண்டு என்றான். அடுத்த மூச்சிலேயே, தன் விசுவாசமின்மைக்கு உதவும்படி கண்ணீரோடு கதறினான். பாதி இருக்கிறது, பாதி இல்லை. அந்தப் பாதியோடுதான் மகன் பிழைத்தான். மறுபாதியை நிரப்பிக்கொண்டு வா என்று அவனைத் திருப்பி அனுப்பவில்லை.

'உன் விசுவாசம் உன்னைக் குணமாக்கியது' என்ற பொருளில் இயேசு பலரிடம் சொல்லியிருக்கிறாரே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பன்னிரண்டு ஆண்டுகள் உதிரப்போக்கால் வருந்தி, மருத்துவர்களிடம் கையிலிருந்ததையெல்லாம் செலவழித்த பெண்ணிடம் அப்படிச் சொல்கிறார். பார்வையற்ற பர்திமேயுவிடமும் சொல்கிறார். ஆனால் கவனித்துப் பார்த்தால், அது குணமானவருக்குக் கொடுக்கப்பட்ட பாராட்டு. குணமாகாத எவர் மீதும் சுமத்தப்பட்ட பழி அல்ல. 'அற்ப விசுவாசிகளே' என்ற கடிந்துரை நற்செய்தி நூல்களில் சீடர்களை நோக்கியும், உணவுக்கும் உடைக்கும் கவலைப்படுவோரை நோக்கியும் வருகிறது. ஒரு நோயாளியை நோக்கி ஓரிடத்திலும் வரவில்லை. மாற்கு 2-ஆம் அதிகாரத்தில் திமிர்வாதக்காரன் ஒருவனை நான்கு பேர் சுமந்துவந்து கூரையைப் பிரித்து இறக்குகிறார்கள். அங்கே இயேசு கண்டது 'அவர்களுடைய' விசுவாசத்தை. படுத்திருந்தவன் என்ன எண்ணினான் என்று யாரும் விசாரிக்கவில்லை. லாசருவோ இறந்து நான்கு நாள் ஆனவன். அவனிடம் என்ன விசுவாசத்தை எதிர்பார்ப்பது?

நாசரேத்தில் அவிசுவாசத்தினால் அதிக அற்புதங்களைச் செய்ய முடியவில்லை என்றும் மாற்கு எழுதுகிறார். அங்கும்கூட, ஏளனம் செய்தவர்கள் திடமாய் இருந்த ஊரார். சில நோயாளிகள் மீது கைவைத்து அவர்களைக் குணமாக்கினார் என்று அதே வாக்கியம் தொடர்கிறது.

திருத்தூதர்களின் கடிதங்களைப் புரட்டினால் நோயைப் பற்றிய பேச்சு இன்னும் நிதானமாக இருக்கிறது. தம் உடலில் இருந்த முள் நீங்கவேண்டும் என்று பவுல் மூன்று முறை வேண்டினார், நீங்கவில்லை. திமோத்தேயுவின் வயிற்றுக்கும் அடிக்கடி வரும் பலவீனங்களுக்கும் கொஞ்சம் திராட்சை ரசம் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். அக்காலத்தில் அது கைமருந்து. துரோப்பீமு என்ற உடன் ஊழியரை நோயாளியாகவே மிலேத்துவில் விட்டுவந்ததாக எழுதினார். லூக்காவை அன்பான வைத்தியர் என்று அழைத்தார். துரோப்பீமுவுக்கு விசுவாசம் போதவில்லை என்று அவர் ஒரு வரி எழுதியிருந்தால், சின்னம்மாவிடம் பேசிய ஊழியருக்கு ஓர் ஆதாரம் கிடைத்திருக்கும். எழுதவில்லை.

விசுவாசமா, செயலா என்ற வழக்கு வேறு. பவுலின் ரோமர் கடிதத்தைப் பற்றிக்கொண்டு லுத்தர் விசுவாசத்தினால் மட்டுமே மனிதன் நீதிமானாகிறான் என்றார். செயலற்ற விசுவாசம் செத்தது என்ற யாக்கோபின் கடிதத்தை மறுதரப்பார் காட்டினர். ஐரோப்பாவைப் பிளந்த அந்த வழக்கில், 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் லுத்தரன் உலக மன்றமும் கத்தோலிக்கத் திருச்சபையும் ஒரு பொது அறிக்கையில் கையெழுத்திட்டன. அருளால் விசுவாசத்தின் வழியே மீட்பு, அதன் கனியாக நற்செயல் என்பது அதன் சாரம். லுத்தரன் சபைகள் பரவிய எங்கள் பகுதியில் அந்தச் செய்தி பெரிதாகப் பேசப்பட்டதாக எனக்கு நினைவில்லை.

செயலைப் பற்றிச் சொல்லும்போது திண்டிவனத்தை விட்டுவிட முடியாது. எங்கள் ஊரிலிருந்து சென்னைக்குப் போகும் பேருந்தில் வழியில் வரும் ஊர்தான். 1890-களில் அங்கே பணியாற்றிய அமெரிக்க மிஷனரி மருத்துவரின் வீட்டில் அவருடைய மகள் ஐடா ஸ்கடர் தங்கியிருந்தார். அவருக்கு மருத்துவத்திலும் மிஷனரிப் பணியிலும் நாட்டமில்லை. ஒரே இரவில் ஒரு பிராமணர், ஒரு முஸ்லிம், மற்றொரு இந்து என மூவர் தனித்தனியே வந்து, பிரசவ வேதனையில் இருக்கும் தம் மனைவியைப் பார்க்க வரும்படி அந்தப் பெண்ணை அழைத்தனர். என் தந்தைதான் மருத்துவர் என்றார் ஐடா. ஆண் மருத்துவர் பார்க்கக்கூடாது என்று மூவரும் திரும்பிப் போனார்கள். விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தனர்.

அந்த இரவு ஐடா ஜெபித்தார் என்று வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். ஜெபித்துவிட்டு அவர் அமெரிக்கா சென்று கார்னெல் மருத்துவக் கல்லூரியில் 1899-இல் பட்டம் பெற்றார். 1900-இல் வேலூரில் ஒரே ஒரு கட்டிலுடன் மருத்துவமனை தொடங்கினார். 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியை நிறுவினார். இன்றைய வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி அதன் வளர்ச்சி. எங்கள் பக்கத்துத் திருக்கோவிலூரில் டேனிஷ் மிஷன் மருத்துவமனையை ஏற்படுத்தியவர்களும் விசுவாசத்தால்தான் கடல் கடந்து வந்தார்கள். ஊசியைத் தொடுவது ஆண்டவரைச் சந்தேகிப்பதாகும் என்றால் இவர்கள் அனைவரையும் அவிசுவாசிகளின் பட்டியலில்தான் சேர்க்கவேண்டும்.

ஜெபத்தை நான் குறைத்துப் பேசவில்லை. நானும் ஜெபிக்கிறவன்தான். மருத்துவர் கைவிரித்த பின்பும் பிழைத்தவர்களை என் உறவிலேயே கண்டிருக்கிறேன். அவர்கள் அதைக் கடவுளின் செயல் என்று சொல்லும்போது மறுக்க எனக்கு மனம் வருவதில்லை. என் வழக்கு ஒன்றே. பிழைத்தவரின் நன்றியைச் சாட்சியாக மேடையேற்றும் ஒருவர், பிழைக்காதவரின் வீட்டுக்கும் வரவேண்டும். வந்து, அவர் காதில் விழும்படி எந்தக் கணக்கும் போடாமல் திண்ணையில் உட்கார்ந்திருக்கவேண்டும்.

எபிரெயருக்கு எழுதப்பட்ட கடிதத்தின் 11-ஆம் அதிகாரம் விசுவாச வீரர்களின் பட்டியல் எனப்படும். ஆபேல், நோவா, ஆபிரகாம், சாராள் என்று தொடங்கி, விசுவாசத்தினால் நாடுகளை வென்றவர்கள், சிங்கங்களின் வாயை அடைத்தவர்கள், பட்டயத்துக்குத் தப்பியவர்கள் என்று அடுக்கிக்கொண்டே போகும். இறந்தோரை உயிரோடு திரும்பப் பெற்ற பெண்களும் அதில் உண்டு. அது 35-ஆம் வசனத்தின் முற்பகுதி. அதே வசனத்தின் நடுவில், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், பட்டியல் திரும்புகிறது. வேறு சிலர் வதைக்கப்பட்டார்கள், கல்லெறியுண்டார்கள், வாளால் அறுப்புண்டார்கள், ஆட்டுத்தோலைப் போர்த்துக்கொண்டு குகைகளில் அலைந்தார்கள். தப்பியவர்களும் தப்பாதவர்களும் விசுவாசம் என்ற ஒரே சொல்லின் கீழ் நிற்கிறார்கள். அத்தனைபேரும் விசுவாசத்தினாலே நற்சாட்சி பெற்றவர்கள் என்றே அதிகாரம் முடிகிறது.

சின்னம்மாவின் வேதாகமம் இப்போது என்னிடம் இருக்கிறது. அந்தக் கூட்டத்துக்குப் போய்வந்த நாட்களில் இந்த அதிகாரத்தை அவர் சிவப்புப் பென்சிலால் வரிவரியாக அடிக்கோடிட்டிருக்கிறார். கோடு 35-ஆம் வசனத்தின் பாதியில் நிற்கிறது.